சின்னமனூர் மதியழகன் லைன்ல இருக்காரு

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்குக் காத்து ஆகாது, தொண்டை கட்டிக்கும். தொண்டையை நான் ரொம்ப ஜாக்கிரதையா வெச்சிருக்கேன், ஐஸ் தண்ணி கூடத் தொடறதில்ல. திருச்செந்தூருக்கா? ஓ, ஆறுமுகநேரியா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான் எறங்கறேன். இல்ல இல்ல, நமக்குச் சொந்த ஊரு மெட்ராஸு. ஒருத்தரைப் பாக்கப் போறேன். என்கூட வேலை பாத்த பொண்ணு. பாத்து ரொம்ப வருஷம் ஆச்சு. நான் வரேன்னு அதுக்குத் தெரியாது. சொல்லாமப் போய் நிக்கறதுல ஒரு சந்தோஷம் இருக்குல்ல?

டிவில பாட்டு போடுவாங்களே, நடுநடுவுல ஒரு பொண்ணு வந்து 'ஹலோ, யார் பேசறீங்க, எங்கேருந்து பேசறீங்க'ன்னு கொஞ்சிக் கொஞ்சிக் கேக்குமே, நீங்க சின்ன வயசுல பாத்திருப்பீங்க. அந்த மாதிரி பாட்டு சேனல் தமிழ்ல புதுசா மொளைச்ச காலம் அது. எங்க சேனல் பேரைச் சொன்னா உங்களுக்குத் தெரியாது, வந்த வேகத்துலயே இழுத்து மூடிட்டாங்க. கோடம்பாக்கத்துல ஒரு பழைய பங்களா. மாடியில ஆபீஸு, கீழ கார் ஷெட்டுதான் ஸ்டூடியோ.

பாக்கறவங்களுக்கு மினுமினுன்னு இருக்கும். உள்ள வந்தாத் தெரியும் லட்சணம். வெளிச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தோம். ஏசி போட்டா மைக்ல இரைச்சல் வரும்னு ஷோ ஆரம்பிச்சதும் அணைச்சுடுவோம். அந்தப் பொண்ணுங்க போட்டிருக்கற சுடிதார் பாண்டி பஜார் கடைக்காரன் இரவல் குடுத்தது. அளவு சேராது, முதுகுப் பக்கம் ஊக்குக் குத்தி இழுத்துப் பிடிச்சிருப்பாங்க. கேமராவுக்கு இடுப்புக்கு மேலதானே தெரியும்? மேல ஜரிகை, கால்ல ரப்பர் செருப்பு. ஊரே முன்பக்கத்தைப் பாத்துச்சு தம்பி. அந்த ஊக்கு எங்க குத்தியிருக்குன்னு பாத்தவன் நான் ஒருத்தன்தான்.

என் வேலை என்னன்னா, பாட்டு டேப்பை எடுத்துக் குடுக்கணும், வர்ற போனை எடுக்கணும். ரெண்டும் ஒரே ரூம்ல. நீங்கல்லாம் வீட்ல உக்காந்து, அடடா, கேட்ட பாட்டை உடனே போடறாங்களேன்னு நினைச்சிருப்பீங்க. டேப்பு முன்னாடியே மெஷின்ல ஏத்தியாச்சு. போன் பண்றவங்க முதல்ல என்கிட்டதான் பேசுவாங்க. 'அந்தப் பாட்டு இப்ப இல்லம்மா, இந்தப் பாட்டைக் கேளுங்க, டிவி வால்யூமைக் கம்மி பண்ணுங்க'ன்னு சொல்லித் தயார் பண்ணி, அப்புறந்தான் காம்பியர்கிட்ட லைனைக் குடுப்பேன். காம்பியருன்னுதான் அப்ப சொல்லுவோம், அந்தப் பொண்ணுங்களை.

ஆனா ஆரம்பத்துல யாரு போன் பண்ணினாங்க? ஆனையை வாங்கிட்டு அங்குசம் வாங்கக் காசில்லாதவன் கதைதான். மொட்டை மாடியில பெரிய டிஷ், பாதி ஊர்ல கேபிள்காரன் எங்க சேனலைக் குடுக்கவே இல்ல. ஷோ ஓடுது, அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே உக்காந்திருக்கு, போன் அடிக்க மாட்டேங்குது. எங்க புரொட்யூசர் பத்மநாபன் சார் என் ரூமுக்கு வந்தாரு. 'கருணாகரா, இன்டர்காமை எடு. நீயே பேசு'ன்னாரு. நான் கோயில் திருவிழாவுல மிமிக்ரி பண்ணினவன். கோயம்புத்தூர்க்காரன், தஞ்சாவூர் மாமி, ஸ்கூல் பையன், எல்லாம் நானேதான். நாய் வேஷம் போட்டா குரைச்சுத்தானே ஆகணும்? நல்லாவே குரைச்சேன்.

அதுல சார் ஒரு வழக்கம் வெச்சிருந்தாரு. புதுசா வர்ற காம்பியருக்கு, போன்ல பேசறது நம்ம ஆளுதான்னு சொல்லக் கூடாது. பழகினவங்களுக்குத் தெரியும். புதுசுக்குத் தெரிஞ்சிட்டா மூஞ்சியில அந்த வெளிச்சம் வராதாம். யாரோ முகந்தெரியாதவங்க நம்மளைத் தேடிக் கூப்பிடறாங்கன்னு நினைக்கறப்ப வர்ற வெளிச்சம். சார் மூளைக்காரரு. அதெல்லாம் யாருக்கு வரும்?

அப்பத்தான் எமல்டா வந்துச்சு. தூத்துக்குடிப் பொண்ணு. அப்பா இல்ல, அம்மா மட்டும். டிவில எமின்னு பேரு வெச்சாங்க. ஊர்ப் பேச்சு வராம இருக்கணும்னு சார் தினமும் திட்டுவாரு, அது 'வாரேன்'னு ஆரம்பிச்சு 'வர்றேன்'னு முடிக்கும். வந்த அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு தம்பி, இது சாதாரணப் பொண்ணு இல்லன்னு. என்னை அண்ணாச்சின்னுதான் கூப்பிடும். அவங்க ஊருப் பக்கம் மரியாதைக்கு அப்படிக் கூப்பிடறதுதான், வேற அர்த்தம் ஒண்ணும் இல்ல.

எமிக்காகத்தான் நான் மதியழகனை உண்டாக்கினேன். 'சின்னமனூர் மதியழகன் லைன்ல இருக்காரு'ன்னு நானே என் குரல்ல சொல்லிட்டு, கைக்குட்டையை ரிசீவர்ல வெச்சு அவன் குரல்ல பேசுவேன். திராட்சைத் தோட்டம் வெச்சிருக்கான், அம்மாவோட இருக்கான், கல்யாணம் ஆகல. நிதானமாப் பேசுவான். 'நேத்து கொஞ்சம் சோர்ந்து தெரிஞ்சீங்களே எமி, உடம்பைப் பாத்துக்கங்க'ன்னு சொல்லுவான். அது சிரிக்கும் பாருங்க. என் ரூமுக்கும் ஸ்டூடியோவுக்கும் நடுவுல இருக்கற கண்ணாடி வழியா நான் பாத்துக்கிட்டே இருப்பேன். அண்ணாச்சிக்கு ஒரு சிரிப்பு, மதியழகனுக்கு ஒரு சிரிப்பு. ரெண்டுக்கும் வித்தியாசம் இருந்துச்சு. சில நாள் அவன் மேல எனக்கே எரிச்சலா வரும். சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன்.

நாளாக நாளாக சேனல் பிச்சுக்கிட்டு ஓடுச்சு. நிஜப் போனே வர ஆரம்பிச்சிடுச்சு. ஜனங்க மதியழகனை விசாரிக்கறாங்க. 'இன்னிக்கு மதியழகன் சார் பேசலையா'ன்னு கேக்கறாங்க. அதனால சார் அவனை நிறுத்தவே விடல.

ஒருநாள் மத்தியானம் எமி சாப்பிடல. சார் எல்லார் முன்னாடியும் திட்டிட்டாரு, மேக்கப் ரூம்ல உக்காந்து அழுதுச்சு. டப்பாவைத் திறந்து பாத்துட்டு அப்படியே மூடிடுச்சு. எனக்கு மனசு கேக்கல. ஷோவுல மதியழகன் கேட்டான், 'தயிர் சாதத்தைத் திறந்து பாத்துட்டு மூடிட்டீங்களே எமி, அப்படி என்ன கோவம்'னு.

அக்கறையிலதான் தம்பி கேட்டேன். வேற என்ன?

அதோட மூஞ்சி அப்படியே நின்னு போச்சு. உதடு சிரிக்குது, கண்ணு சிரிக்கல. பாட்டு பேரை மாத்திச் சொல்லுச்சு. ஷோ முடிஞ்சதும் நேரா என் ரூமுக்குத்தான் வந்துச்சு. வேற யார்கிட்டயும் போகல, கவனிங்க. 'அண்ணாச்சி, அந்தச் சின்னமனூர்க்காரரு என்னயப் பாக்காரு அண்ணாச்சி. எங்கயோ இருந்து பாக்காரு. நான் சாப்பிடாதது அவருக்கு எப்படித் தெரியும்?'னு கேட்டுச்சு. தண்ணி குடுத்தேன். 'நான் இருக்கேன்ல, பயப்படாதே. இனிமே ஹாஸ்டல் வரைக்கும் நான் தொணைக்கு வரேன்'னு சொன்னேன்.

அந்த மழைக்காலம் மாதிரி என் வாழ்க்கையில இன்னொண்ணு வரல. தினமும் சாயங்காலம் நடந்தே போவோம், கோடம்பாக்கத்துலேருந்து தி.நகருக்கு. ஒரே குடை. அது என் பக்கத்துலயே ஒட்டி நடக்கும். ரோட்டுல வர்ற ஒவ்வொரு ஆம்பளையையும் பாக்கும். 'இவரா இருக்குமோ அண்ணாச்சி?'ன்னு மெதுவாக் கேக்கும். 'இல்லம்மா'ன்னு சொல்லுவேன். அதுல பொய் என்ன இருக்கு, சொல்லுங்க? அவன் இல்லதானே?

உண்மையைச் சொல்லியிருக்கலாமேன்னு நீங்க நினைக்கறது தெரியுது. எப்படிச் சொல்லறது? சார் போட்ட வழக்கம். ஆபீஸ் ரகசியத்தை நான் வெளிய விட மாட்டேன். அதுவும் இல்லாம, பயந்து போன பொண்ணுக்குத் தொணைக்கு ஒரு ஆள் வேணும், நான் இருந்தேன். யாருக்கு என்ன நஷ்டம்?

எமி கொஞ்சம் இளைச்சுச்சு, அது வாஸ்தவம். பூ வெக்கறதை விட்டுடுச்சு. வெளிச்சத்தைப் பாத்து உக்காந்தா முன்னாடி இருக்கற இருட்டுல யார் நிக்கறாங்கன்னு தெரியாதில்ல, அதனால ஷோ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஸ்டூடியோவை ஒரு தடவை சுத்தி வந்து திரைக்குப் பின்னாடியெல்லாம் பாக்கும். சார்கிட்டப் போய், அவர் போனை எடுக்க வேண்டாம் சார்னு கெஞ்சுச்சு. அவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. 'பைத்தியக்காரப் பொண்ணே, மதியழகன்தான் நம்ம புரோகிராமுக்கு உசுரு'ன்னாரு. அப்புறம் என்கிட்ட வந்துச்சு. 'போனை எடுக்கது நீங்கதான அண்ணாச்சி. அவரை லைன்ல விடாதிய. ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன்'னுச்சு.

நான் கல் நெஞ்சுக்காரன் இல்ல. அவனை நிறுத்தி வெச்சேன். ஒரு வாரமோ என்னவோ மதியழகன் பேசல. சாருக்கு ஏதோ சாக்கு சொன்னேன். என்ன ஆச்சு தெரியுமா? எமி தெளிஞ்சிடுச்சு. மறுபடியும் பூ வெச்சுது. ஒருநாள் நான் குடையை எடுத்துக்கிட்டு வாசல்ல நிக்கறேன், 'ஒங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி செரமம், நானே போயிக்கிடுவேன்'னு சொல்லிட்டு விடுவிடுன்னு போயிடுச்சு. ஆத்தைக் கடக்கற வரைக்கும் அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரு நான் யாருன்னு சொல்லுவாங்களே, அந்த மாதிரி. எனக்கு எவ்வளவு வலிச்சுதுன்னு உங்களால நினைச்சுப் பாக்க முடியாது.

மறுநாள் மதியழகன் பேசினான். 'நேத்து குடை இல்லாம நனைஞ்சுக்கிட்டே தனியாப் போனீங்களே எமி'ன்னான்.

சாயங்காலம் வாசல்ல எனக்காக நின்னுச்சு. நான் வர்றதுக்கு முன்னாடியே.

பாத்தீங்களா, பஸ்ஸு குரும்பூர் வந்திடுச்சு. டீ குடிக்கறீங்களா? வேண்டாமா. ஏன், உடம்பு சரியில்லையா? இவ்வளவு வெயில்ல முகம் வெளுத்த மாதிரி இருக்கே. பஸ் ஆகாது போல சில பேருக்கு.

எப்படி முடிஞ்சுதுன்னு கேக்கறீங்களா? முடிஞ்சுதுன்னு யாரு சொன்னா? சரி, சொல்றேன். அந்த வருஷம் பெருமழை. எங்க தெருவுல பள்ளம் தோண்டினவங்க டெலிபோன் கேபிளை வெட்டிட்டாங்க. அந்த வட்டாரத்துலயே போன் கெடையாது. எனக்கு அது தெரியாது. சாரு காலையிலேயே சொல்லிட்டாரு, இன்னிக்கு மழை, எவனும் பேச மாட்டான், நீயே முழுக்கப் பேசுன்னு. அதனால வெளி போனை நான் எடுத்தே பாக்கல. இன்டர்காமு எப்பவும் போல வேலை செய்யுது, அது வீட்டுக்குள்ள ஓடற ஒயர்தானே?

ஆனா எமி, அவங்க அம்மாகிட்டப் பேசலாம்னு ஷோவுக்கு முன்னாடி ரிசப்ஷன்ல போனை எடுத்துப் பாத்திருக்கு. செத்துக் கிடந்திருக்கு. பக்கத்து மெடிக்கல் ஷாப்புல போய்க் கேட்டிருக்கு. அங்கயும் அப்படித்தான்.

ஷோ ஆரம்பிச்சுது. நான் சொன்னேன், 'சின்னமனூர் மதியழகன் லைன்ல இருக்காரு.' ஊரே பாத்துக்கிட்டிருக்கு, அது பேசாம உக்காந்திருக்கு. மதியழகன் கேட்டான், 'என்ன எமி, கோவமா?'

'எங்கருந்து பேசுதிய?'ன்னு கேட்டுச்சு. சார் கத்துக்குடுத்த பேச்செல்லாம் போயிடுச்சு, அப்படியே ஊர்ப் பேச்சு.

'சின்னமனூர்லேருந்துதான்.'

'இங்க போன் செத்துக் கெடக்கு. காலையில இருந்து இந்தத் தெருவுல ஒருத்தருக்கும் போன் இல்ல. நீங்க எங்கருந்து பேசுதிய?'

சொல்லிக்கிட்டே கேமராவை விட்டுட்டுத் தலையைத் திருப்புச்சு. என் கண்ணாடிப் பக்கம். அந்தப் பக்கத்துலேருந்து பாத்தா லைட்டு அடிக்கும், கண்ணாடிக்குப் பின்னாடி ஆள் தெரியாது. ஆனாலும் பாத்துச்சு. அப்ப நான் கைக்குட்டையை எடுத்துட்டேன் தம்பி. எனக்கே தாங்கல. என் சொந்தக் குரல்ல, 'எமல்டா'ன்னேன். டிவில போச்சு அது, நாடு முழுக்க. என் சொந்தக் குரல் டிவில வந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

மைக்கைக் கழட்டி வெச்சுது. எழுந்துச்சு. கேமராமேன் என்ன பண்றதுன்னு தெரியாம வெறும் நாற்காலியைக் காட்டிக்கிட்டே இருந்தான். வெளிய போகணும்னா என் ரூம் வாசலைத் தாண்டித்தான் போகணும். தாண்டறப்ப நின்னு உள்ள பாத்துச்சு. என் கையில ரிசீவரு. என்னைப் பாக்குது, ரிசீவரைப் பாக்குது. வாயைத் திறக்குது, பேச்சு வரல. கண்ணுல தண்ணி பொலபொலன்னு கொட்டுது. இவ்வளவு நாளா யாரைத் தேடிச்சோ அவன் பக்கத்துலயே இருந்திருக்கான்னு தெரிஞ்சா எந்தப் பொண்ணுக்குத்தான் பேச்சு வரும்? சந்தோஷத்துல மனுஷங்களுக்கு அப்படித்தான் ஆகும். அப்புறம் அந்த மழையில வெறுங்காலோட ஓடிடுச்சு. வெக்கம்.

அன்னிக்கே ஊருக்குப் போயிடுச்சுன்னாங்க. எதுக்கு அப்படிப் போகணும்? யாராவது சொல்லிக் குடுத்திருப்பாங்க.

தூத்துக்குடிக்குப் போனேன். அவங்க அம்மா கதவையே திறக்கல, வயசானவங்க, காது கேக்காது போல. அப்புறம் கல்யாணம் பண்ணி வெச்சிட்டாங்க. நாகர்கோவில்ல இருக்குன்னு கேள்விப்பட்டுப் போனேன். வீட்டுக்காரரு தங்கமான மனுஷன், வாசல்லயே நிக்க வெச்சு ரொம்ப நேரம் பேசினாரு. குரல் கொஞ்சம் பெருசு. போலீஸு அது இதுன்னாரு. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல. அடுத்த தடவை போனா வீடு காலி. அப்புறம் மதுரை. அங்கயும் காலி. ஒரு இடத்துல நிலைச்சு இருக்க விடாம அந்தாளு அதை ஊர் ஊரா இழுத்துக்கிட்டு அலையறாரு தம்பி. நினைச்சாப் பாவமா இருக்கு. நான் கல்யாணம் பண்ணிக்கல. எப்படிப் பண்ணிக்கறது?

அதுக்கப்புறம் பல வருஷம் ஒண்ணும் தெரியல. போன மாசம் யாரோ புண்ணியவான் எங்க பழைய ஷோ ஒண்ணை யூடியூபுல போட்டிருக்கான். எமி சிரிக்குது, மதியழகன் பேசறான். கீழ ஒரு ஸ்கூல் பொண்ணு எழுதியிருக்கு, 'இவங்க எங்க டியூஷன் டீச்சர் மாதிரியே இருக்காங்க'ன்னு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. உடனே பதில் எழுதினேன், நான் உங்க டீச்சர்கூட காலேஜ்ல படிச்ச சுகந்தி அக்கான்னு. பொம்பளை பேர்ல எழுதினாத்தான் பிள்ளைங்க பயப்படாமப் பேசும். பாவம், நல்ல பொண்ணு. ஊரு, டீச்சர் நம்பரு, எல்லாம் குடுத்துச்சு. டீச்சர்கிட்டச் சொல்லாதே, சர்ப்ரைஸுன்னேன். சரிக்கான்னு ஒரு பூ படம் போட்டுச்சு.

இருங்க, காட்டறேன். இந்தாங்க, பாருங்க. இதுதான் எமி. அப்ப எடுத்தது. இப்ப கொஞ்சம் பூசினாப்புல இருக்கும், கண்ணாடி போட்டிருக்கும். பேரைக்கூட மாத்தி வெச்சிருக்கு, மேரி டீச்சராம்.

தெரியலையா? நல்லாப் பாருங்க. ஆறுமுகநேரியில மேரி டீச்சருன்னு யாருமே இல்லையா?

தம்பி, நான் ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்காதீங்க. வாழ்க்கை பூரா போன்ல ஆளுங்க குரலைக் கேட்டவன் நான். பொய் சொல்றப்ப மூச்சு கொஞ்சம் முன்னாடி வந்துடும். உங்களுக்கு இப்ப வந்துச்சு. படத்தைப் பாத்ததும் தெரிஞ்சுக்கிட்டீங்க. நீங்களும் அதுகிட்ட டியூஷன் படிச்சீங்களோ? பாத்தீங்களா, எச்சில் முழுங்கறீங்க. நல்ல டீச்சராத்தான் இருக்கும். எனக்குத் தெரியாதா?

நீங்க வழி சொல்லணும்னு நான் கேக்கல. எனக்கு வழி தெரியும். முந்தாநாள் அதுகிட்டயே பேசினேன். கேஸ் ஏஜென்சியிலேருந்து பேசறேன்மா, ட்யூப் செக் பண்ண ஆள் வரணும்னேன். வயசானவர் குரலு, கொஞ்சம் இருமலு, இந்தப் பக்கத்துப் பேச்சு. ரொம்ப நாளாப் பழகினேன் அதை. அதுக்கு ஒரு சந்தேகமும் வரல. ரெட்டைத் தெருவுல திரும்பி, மாவு மில்லுக்கு எதுத்த வீடுன்னு அதுவே சொல்லுச்சு. எப்ப வரட்டும்மான்னு கேட்டேன். இன்னிக்கு மத்தியானம் வாங்க, வீட்டுக்காரரு வேலைக்குப் போயிடுவாரு, பிள்ளை ஸ்கூலுக்குப் போயிடும், நான் மட்டுந்தான் இருப்பேன்னுச்சு. 'வயசான காலத்துல வெயில்ல வாரிய, மோர் கலக்கி வைக்கேன்'னு சொல்லுச்சு தம்பி. அந்த மனசு யாருக்கு வரும்?

போனை எடுக்கறீங்களே, யாருக்கு? வைங்க. இந்த ரோட்டுல டவர் கிடைக்காது, நான் காலையிலேருந்து பாத்துக்கிட்டுத்தான் வரேன். கொஞ்சம் காலை நகத்துங்க, பையை எடுத்துக்கறேன். கண்டக்டர், ஆறுமுகநேரி ஒரு ஆள் இறங்கணும்.